ஒரு சீசனில் 80 டிரை: ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் பற்றி நீங்கள் கேட்டவை

போன வாரம் ஹடர்ஸ்ஃபீல்டு அணியின் ரக்பி லீக் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது நடுவில் ஒரு வரி போட்டிருந்தேன். 1913-14 சீசனில் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் என்ற விங்கர் அடித்த 80 டிரையை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை என்பதுதான் அந்த வரி. ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அந்த மனுஷனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். நான் வட இங்கிலாந்தில் இருக்கிற இந்த ஹடர்ஸ்ஃபீல்டு ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, அதில் பாதி வருடமாவது இவர் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து: அக்கா, எனக்கு கபடிதான் தெரியும். டிரை என்றால் என்ன, விங்கர் என்றால் யார் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கபடி தெரிந்தால் பாதி புரிந்த மாதிரிதான். ரக்பி லீக்கில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிரணிக்காரர்கள் உங்களைப் பிடித்துக் கீழே தள்ளப் பார்ப்பார்கள். முன்னால் எறியக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கலாம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை. அந்தக் காலத்தில் ஒரு டிரைக்கு 3 புள்ளி, இப்போது 4. மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் நிற்கிற வேகக்காரர்கள்தான் விங்கர்கள். நடுவில் இருப்பவர்கள் முட்டி மோதி இடம் உண்டாக்கிப் பந்தைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசியில் விங்கரிடம் கொடுப்பார்கள். அவருக்குக் கிடைப்பது கோட்டோரத்தில் ஒரு சின்னச் சந்து. அதில் புகுந்து ஓடிவிட வேண்டும்.

கண்டியிலிருந்து: எங்கள் ஊரில் ரக்பி என்றால் 15 பேர் ஆடுவது. நீங்கள் சொல்வது வேறா?

வேறுதான். உங்கள் ஊரில் ஆடுவது யூனியன். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், சண்டை போட்டுப் பிரிந்தவை, பிரிந்தது இந்த ஹடர்ஸ்ஃபீல்டில்தான். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி இங்கே ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துக் கிளப்புகள் கூடி நார்தர்ன் யூனியன் என்று தனியாகப் போனார்கள், அதுதான் லீக்கின் ஆரம்பம். காரணம் கூலி. லண்டன் பக்கம் ஆடியவர்கள் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வடக்கே ஆடியவர்கள் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் கம்பளி மில்லிலும் வேலை செய்தவர்கள். அப்போது சனிக்கிழமையும் பாதி நாள் வேலை, ஆடப் போனால் அந்தக் கூலி போய்விடும். போன கூலியையாவது கொடுங்கள், ஒரு நாளைக்கு 6 ஷில்லிங்குக்கு மேல் கேட்கவில்லை என்றார்கள். காசு வாங்கி ஆடுவது விளையாட்டுக்கே அவமானம் என்று தெற்கே மறுத்துவிட்டார்கள். அதோடு உறவு முறிந்தது.

அப்புறம் வடக்கே ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டே போனார்கள். 1897-ல் லைன்-அவுட்டை, அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவே எறிவதை, எடுத்தார்கள். 1906-ல் ஆளை 15-லிருந்து 13 ஆகக் குறைத்தார்கள், பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்றும் ஆக்கினார்கள். இந்த 1906-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மைதானம் அதே அளவு, ஆள் மட்டும் இரண்டு பேர் கம்மி. ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய வரம்!

சிட்னியிலிருந்து: என் பையன் இங்கே லீக் ஆடுகிறான், வீட்டில் எப்போதும் இதே பேச்சுதான். ஆனால் ரோசன்ஃபெல்ட் பெயரை நான் கேட்டதே இல்லை. அவர் ஆஸ்திரேலியரா, ஆங்கிலேயரா?

உங்கள் ஊர்க்காரர்தான். 1885-ல் சிட்னியில் பிறந்தவர், யூதக் குடும்பம். 1908 ஜனவரி 24-ஆம் தேதி பாடிங்டன் டவுன் ஹாலில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்பைத் தொடங்கினார்களே, இன்று ரூஸ்டர்ஸ் என்று நீங்கள் கூப்பிடுகிற அதே கிளப், அதன் முதல் வருட வீரர். நியூசிலாந்துக்கு எதிராக அதே வருடம் மே மாதம் ஆஸ்திரேலியா ஆடிய முதல் டெஸ்டிலும் இருந்தார், 11-10 என்று ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம் அது. அப்போது அவர் விங்கர் இல்லை, நடுவில் ஃபைவ்-எய்ட்த் இடத்தில் ஆடினார். உயரம் 5 அடி 5 அங்குலத்தை ஒட்டித்தான்.

நீங்கள் பெயரைக் கேட்காததற்குக் காரணம், அவர் சாதித்ததெல்லாம் 17,000 கிலோமீட்டர் தள்ளி. அவர் சிட்னியில் ஆடியது ஒரே ஒரு சீசன், அதையும் முடிக்கவில்லை. டாலி மெசஞ்சர் அதே ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்காரர், அதே கப்பலில் இங்கிலாந்து வந்து திரும்பிப் போனவர், அவருக்கு உங்கள் ஊரில் சிலையே இருக்கிறது. கூட வந்து இங்கேயே தங்கிவிட்டவரை ஊர் மறந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பையனிடம் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: கிரிக்கெட் ரசிகன் நான். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் விக்டர் டிரம்பருக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் என்று எங்கோ படித்தேன், உண்மையா?

உண்மைதான். சிட்னியில் லீக் ஆரம்பித்தபோது அதன் பொருளாளர் அவர். 1907-ல் அலெக் பர்டன் என்ற யூனியன் வீரருக்கு ஆடும்போது அடிபட்டது, சிகிச்சைச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் அவர் தலையிலேயே விழுந்தன. அந்தக் கோபத்தில் கூடிய கூட்டங்களில் டிரம்பரும் ஜேம்ஸ் கில்டினனும் முக்கியமானவர்கள். இங்கே 12 வருடம் முன்னால் எரிந்த அதே கூலிப் பிரச்சினை அங்கேயும் பற்றிக்கொண்டது.

மதுரையிலிருந்து: அவர் இங்கிலாந்துக்கு எப்படி வந்தார்? யாராவது கூப்பிட்டார்களா?

முதலில் சுற்றுப்பயண அணியோடு வந்தார். கில்டினன் சொந்தப் பணத்தைப் போட்டு 1908-09-ல் முதல் கங்காரு அணியை, அதாவது ஆஸ்திரேலிய அணியை, மாசிடோனியா என்ற கப்பலில் கூட்டி வந்தார். அது நல்ல பயணம் இல்லை. லங்காஷயரில் பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது, ஆலைத் தொழிலாளி கையில் டிக்கெட் வாங்கக் காசு இல்லை, மழையும் பனியும் வேறு. வசூல் விழுந்தது. கில்டினன் கடனாளி ஆனார், வீரர்கள் ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்தையே நார்தர்ன் யூனியன் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த நிலைமையில் இங்கிலாந்துக் கிளப்புகள் ஒவ்வொருவரிடமும் வந்து, இங்கேயே ஆடுகிறாயா என்று கேட்டன. பலர் சரி என்றார்கள். ஜிம் டெவரோவும் ஆண்டி மார்ட்டனும் ஹல் கிளப்புக்கு, சிட் டீன் ஓல்டாமுக்கு, டான் ஃப்ராலி வாரிங்டனுக்கு, பாட் வால்ஷ் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு. ரோசன்ஃபெல்டுக்கு ஹடர்ஸ்ஃபீல்டை விட்டுப் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் இருந்தது, பயணத்தின்போது இந்த ஊர்ப் பெண் ஒருவரைப் பார்த்துப் பிடித்துப் போயிற்று, அவரையே கட்டிக்கொண்டார். 1909 செப்டம்பரில் ஹடர்ஸ்ஃபீல்டின் கருஞ்சிவப்பு-தங்க நிறச் சட்டையைப் போட்டார்.

அதே மதுரைக்காரர்: அப்படியானால் வெளிநாட்டிலிருந்து காசுக்கு ஆட வந்த முதல் ஆள் இவரா?

இல்லை. ஒரு வருடம் முன்னால் நியூசிலாந்திலிருந்து வந்த ஆல் கோல்ட்ஸ் என்ற அணியின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். லான்ஸ் டாட் விகன் போனார், சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கிற பரிசு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜார்ஜ் ஸ்மித் ஓல்டாம் போனார், தடை ஓட்டத்தில் பெரிய ஆள் அவர், விங்கர். எட்கர் ரிக்லியும் கான் பர்னும் ஹடர்ஸ்ஃபீல்டுக்கே வந்தார்கள், ரோசன்ஃபெல்ட் வரும்போது இங்கே அவர் ஊர்ப் பக்கத்துப் பேச்சு பேச ஆள் இருந்தது.

இப்படி ஆள் ஆளாகப் போவதைப் பார்த்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நிர்வாகிகள் கத்தியதில் நியாயம் உண்டு, அவர்கள் நட்ட கன்றை வேர் பிடிக்கும் முன்னே பிடுங்கிய மாதிரி ஆனது. குறிப்பிட்ட காலம் இங்கே குடியிருந்தால்தான் ஆடலாம் என்று பிறகு விதி போட்டார்கள். ரோசன்ஃபெல்ட் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவர்.

திருநெல்வேலியிலிருந்து: தொழில்முறை வீரர் என்கிறீர்கள். எவ்வளவு சம்பாதித்திருப்பார்? வீடு கார் என்று இருந்திருக்குமா?

இன்றைய கணக்கை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். அப்போது தொழில்முறை என்றால் ஆட்டத்துக்கு இவ்வளவு, ஜெயித்தால் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வாரம் பூராவும் வேறு வேலைக்குப் போக வேண்டும். அதிலும் 1898-ல் காசு வாங்கலாம் என்று அனுமதித்தபோதே, வாங்குகிறவனுக்கு ஒழுங்கான வேறு வேலை இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள், வேலையை விட்டவன் அந்த வாரம் ஆட முடியாது. 1905-ல்தான் அதை எடுத்தார்கள். நிபந்தனை போனாலும் வாழ்க்கை மாறவில்லை. ஒரு வெளியூர்க்காரரைக் கூப்பிடும்போது கிளப் பேசுவது சேருவதற்கான தொகையை மட்டும் இல்லை, ஊரில் ஒரு வேலை வாங்கித் தருகிறோம் என்பதையும் சேர்த்துத்தான். கிளப் நிர்வாகிகளில் மில்காரர்களும் கடைக்காரர்களும் இருப்பார்கள், வேலை கிடைப்பது கஷ்டமாக இருக்காது.

ஒரு அளவு தெரிய வேண்டுமானால்: 1901-ல் ஜிம் லோமாஸ் என்ற வீரர் ப்ராம்லியிலிருந்து சால்ஃபோர்டுக்கு மாறியபோது கிளப் கிளப்புக்குக் கொடுத்தது 100 பவுண்டு, ஊரே வாயைப் பிளந்தது. 1,000 பவுண்டு என்ற தொகை முதன்முதலாக 1921-ல், ஹரால்ட் பக் ஹன்ஸ்லெட்டிலிருந்து லீட்ஸுக்குப் போனபோது. அதுவும் கிளப்புக்குப் போகிற பணம். வீரன் திங்கட்கிழமை காலையில் மற்றவர்களோடு சேர்ந்து மில் வாசலில் நிற்க வேண்டியதுதான், சனிக்கிழமை வாங்கிய அடி ஆறியிருந்தாலும் ஆறாவிட்டாலும்.

லீட்ஸிலிருந்து: நானும் ஆட்டம் பார்ப்பவன். 80 எப்படி சாத்தியம்? ஒரு சீசனில் 30 அடித்தாலே இன்று பெரிய விஷயம்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எண்கள். அவர் வந்த 1909-10-ல் 24. அடுத்த வருடம் 40. அதற்கடுத்து 1911-12-ல் 78. அப்புறம் 56, 80, 56. முதல் உலகப் போரால் ஆட்டம் நிற்பதற்கு முன்னால் அந்தக் கடைசி ஐந்து சீசனை மட்டும் கூட்டினால் 310. 80 அடித்த சீசனில் ஆடியது 42 ஆட்டம், ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு. ஒரு நல்ல வருடம் அமைந்துவிட்டது என்று தள்ளிவிட முடியாது, 78-ம் 80-ம் ஒரே ஆள். அவர் உடைத்தது தன் சாதனையையே.

இப்போது எப்படி என்பது. அந்த ஹடர்ஸ்ஃபீல்டு அணியை எல்லாத் திறமைகளும் சேர்ந்த அணி என்று அப்போதே அழைத்தார்கள். தலைவர் ஹரால்ட் வாக்ஸ்டாஃப், சின்ன வயதிலேயே தலைமைக்கு வந்தவர், ஆட்டத்தை வேறு கண்ணால் பார்த்தவர். மற்ற அணிகள் முட்டி முட்டி, உதைத்து உதைத்து முன்னேறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கையாலேயே ஆடினார்கள். பந்தை வாங்கியவன் உடனே ஓடாமல் ஒரு கணம் எதிராளியைத் தன்னிடம் இழுத்து, அவன் வந்து சேரும்போது கைமாற்றிவிடுவது. கொடுத்தவன் பின்தொடர்ந்து போகிற பாதையே எதிராளியின் வழியை மறைக்கிற மாதிரி அமைந்துவிடும். விதி மீறாமல் மறிப்பது. அதற்கு விஞ்ஞான மறிப்பு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள், எதிரணிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

முன்வரிசையில் டக்ளஸ் கிளார்க், பென் க்ரோனோ மாதிரி பலசாலிகள் பந்தை எடுத்துத் தந்தார்கள், ஹாஃப்-பேக் என்கிற நடு இடத்தில் வேல்ஸ்காரர் ஜானி ராஜர்ஸ் அதை ஓரத்துக்குத் திருப்பிவிட்டார், ரோசன்ஃபெல்டுக்கு அடுத்து உள்பக்கம் சென்டர் என்கிற இடத்தில் முதலில் ரிக்லி, பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டாமி க்ளீசன். இந்தக் கைகளைத் தாண்டி வரும் பந்து விங்கருக்கு வரும்போது எதிரே ஒருவரோ இருவரோதான் மிச்சம். எதிர்ப் பக்க விங்கர் ஸ்டான்லி மூர்ஹவுஸ் 1911-12-ல் 52 அடித்திருக்கிறார், இரண்டு ஓரமும் சேர்த்து 130! ஆக இது ஒரு மனிதரின் கால் மட்டும் செய்த காரியம் இல்லை, 13 பேர் கட்டிய வழியில் அவர் ஓடினார். அதற்காக யார் நின்றிருந்தாலும் 80 வந்திருக்கும் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூர்ஹவுஸ் அபாரமான விங்கர், அவருக்கே அது வரவில்லை.

ரோசன்ஃபெல்டிடம் இருந்தது நின்ற இடத்திலிருந்தே கிளம்புகிற வேகம். நீண்ட காலால் அகலமாக ஓடுகிறவர் இல்லை, குட்டை ஆள், இரண்டு அடியில் முழு வேகம் பிடித்துவிடுவார். வழி அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் பந்தை அவர் தலைக்கு மேல் சின்னதாக உதைத்துவிட்டுச் சுற்றிப் போய்த் தானே பிடித்துக்கொள்வார். நடுவில் ஆடிப் பழகிய கண் அவருக்கு இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பந்து தன்னிடம் வரட்டும் என்று ஓரத்தில் காத்திருக்காமல் எங்கே இடைவெளி வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்த கண்.

லீட்ஸ்காரரே மறுபடியும்: ஆனால் சோப்ளாங்கி அணிகளோடும் ஆடினார்கள் அல்லவா? அதையும் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியதுதான். சேலஞ்ச் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளில் அமெச்சூர் அணிகளும் வரும். 1914 பிப்ரவரி 28-ல் ஸ்விண்டன் பார்க் ரேஞ்சர்ஸ் என்ற அப்படிப்பட்ட அணியை ஹடர்ஸ்ஃபீல்டு 119-2 என்று அடித்தது, ஒரே ஆட்டத்தில் 27 டிரை. எல்லோருக்கும் பின்னால் நிற்கிற ஃபுல்பேக் மேஜர் ஹாலண்ட் மட்டும், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 18 கோல் போட்டார், மேஜர் என்பது பதவி இல்லை, அவர் பெயரே அதுதான். அந்த மாதிரி நாட்கள் எண்ணிக்கையை ஏற்றும், மறுக்கவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். அப்போது டேக்கிளுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. இன்று ஆறு முறை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும், அன்று ஒரு அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், விங்கருக்குப் பந்தே வராமல் முழு ஆட்டமும் முடியலாம். நனைந்தால் ஈயமாய்க் கனக்கும் தோல் பந்து, யார்க்ஷயர் ஜனவரிச் சேறு, காயப்பட்டவருக்கு மாற்று ஆள் கிடையாது. அதில் 42 ஆட்டம் ஓடி 80 என்றால் எனக்கு இன்னும் நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து: யாராவது பக்கத்தில் வந்தார்களா?

வந்தார்கள், வந்தவர்கள் எல்லோருமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விங்கர்கள்! லீட்ஸுக்கு ஆடிய எரிக் ஹாரிஸ் 1935-36-ல் 63. ஹடர்ஸ்ஃபீல்டிலேயே லயனல் கூப்பர் 1951-52-ல் 71. வாரிங்டனின் பிரையன் பெவன் 1952-53-ல் 72. பெவன் தன் வாழ்க்கையில் மொத்தம் 796 டிரை அடித்தவர், உலகத்தில் யாரும் அதன் பக்கத்தில் இல்லை, அவராலும் ஒரு சீசனில் 80 முடியவில்லை. இன்னொன்று கவனியுங்கள், கூப்பரும் பெவனும் சிட்னியில் ஆடியது அதே ஈஸ்டர்ன் சபர்ப்ஸில். ரோசன்ஃபெல்ட் போட்ட தடத்தில் நாற்பது வருடம் கழித்தும் அதே கிளப்பிலிருந்து விங்கர்கள் இங்கே வந்துகொண்டிருந்தார்கள்.

இனி முறியடிக்க முடியுமா என்றால், முடியாது என்றே சொல்வேன். இங்கிலாந்தின் இன்றைய மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீக்கில் 2016-ல் காசல்ஃபோர்டின் டென்னி சாலமோனா 40 அடித்ததே பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. சரியாகப் பாதி. ஆட்டங்களும் கம்மி, தடுப்பாட்டமும் இன்று வேறு தரத்தில் இருக்கிறது.

கொழும்பிலிருந்து: இத்தனை அடித்தவர் கோப்பைகள் வென்றாரா, இல்லை எண்ணிக்கை மட்டும்தானா?

1914-15-ல் அந்த வருடம் இருந்த நான்கு கோப்பைகளையும் ஹடர்ஸ்ஃபீல்டே எடுத்தது. யார்க்ஷயர் கோப்பை இறுதியில் ஹல்லை 31-0, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2, சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3, கூடவே யார்க்ஷயர் லீக். மூன்று இறுதியிலும் சேர்த்து எதிரணிகளுக்குக் கிடைத்தது 5 புள்ளி. நான்கையும் ஒரே சீசனில் எடுத்தவை வரலாற்றில் மூன்றே அணிகள்: 1907-08-ல் ஹன்ஸ்லெட், பிறகு இவர்கள், 1927-28-ல் ஸ்விண்டன்.

வேடிக்கை என்னவென்றால் ரோசன்ஃபெல்ட் 80 அடித்த 1913-14-ல் சாம்பியன்ஷிப் கிடைக்கவில்லை. இறுதியில் சால்ஃபோர்டிடம் 5-3 என்று தோற்றார்கள். வாக்ஸ்டாஃபும் கிளார்க்கும் வேறு சிலரும் ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கப்பலேறிப் போயிருந்தார்கள்.

திருச்சியிலிருந்து: போர் வந்ததே, அவருக்கு என்ன ஆயிற்று?

அந்த நான்கு கோப்பையை வாங்கிய கையோடு போட்டிகளையே நிறுத்தினார்கள். ரோசன்ஃபெல்டுக்கு அப்போது 29 வயது, ஓடுகிற ஆளுக்கு உச்சம். அந்த அணிக்கு இன்னும் நாலைந்து வருடம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அது அப்படியே போயிற்று. முன்வரிசையில் ஆடிய ஃப்ரெட் லாங்ஸ்டாஃப் 1916-ல் போர்முனையில் இறந்துபோனார்.

ரோசன்ஃபெல்ட் ஆர்மி சர்வீஸ் கோரில் சேர்ந்தார். லண்டனுக்குப் பக்கம் க்ரோவ் பார்க்கில் மோட்டார் வண்டிப் பிரிவு, வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ராணுவத்தில் ஆடப்பட்டது யூனியன், 15 பேர் ஆட்டம். காசு வாங்கியவன் என்று தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்த யூனியன், சீருடை போட்டிருந்தால் ஆடலாம் என்று போர்க்காலத்துக்கு மட்டும் கதவைத் திறந்தது. அந்த க்ரோவ் பார்க் அணி 1916-17-ல் 26 ஆட்டம் ஆடி 25-ல் ஜெயித்தது, 1,110 புள்ளி எடுத்து 41 கொடுத்தது. ஒரே ஒரு தோல்வி 6-3. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1895 ஞாபகத்துக்கு வரும். அதன்பின் அவர் மெசபடோமியாவுக்குப் போனார், இன்றைய இராக்.

தஞ்சாவூரிலிருந்து: திரும்பி வந்து ஆடினாரா? ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் ஆனாரா?

திரும்பும்போது 33 தாண்டிவிட்டது. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு இன்னும் இரண்டு சீசன், மொத்தம் 287 ஆட்டத்தில் 366 டிரையோடு அங்கே முடித்தார். கூப்பர் வந்து 420 அடிக்கும்வரை கிளப்பில் அதுதான் அதிகம். பிறகு வேக்ஃபீல்டு ட்ரினிட்டி, கடைசியில் பிராட்ஃபோர்டு நார்தர்ன், 1924-ல் நிறுத்தினார். இங்கிலாந்தில் அடித்தது எல்லாம் சேர்த்து 386.

பயிற்சியாளர் ஆகவில்லை. ஊர் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். இதைச் சொன்னால் சிலர் ஐயோ பாவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தவறாமல் சம்பளம் வருகிற நகராட்சி வேலை, 1920, 30-களில் மில்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த ஊரில் அதற்கு மதிப்பு இருந்தது. என் தாத்தாவும் நகராட்சியில்தான் இருந்தார், அந்தக் காக்கிச் சட்டையால்தான் எங்கள் அப்பா படித்தார். ஆனால் ஒன்றில் எனக்குக் கோபம் உண்டு. இந்த மனுஷர் ஓடியதைப் பார்க்க ஆயிரம் ஆயிரமாய்க் கூட்டம் கூடியது, வாசலில் வசூலான அந்தப் பணத்தில் அவருக்கு வந்தது எவ்வளவு குறைவு என்பதில்.

மெல்பர்னிலிருந்து: ஆஸ்திரேலியா அவரைத் திரும்பக் கூப்பிடவே இல்லையா?

1909-க்குப் பிறகு அவர் ஆஸ்திரேலியச் சட்டை போடவில்லை, மொத்தம் நான்கு டெஸ்ட்தான். 1911-12-ல் அடுத்த ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தபோது அவர் 78 அடித்துக்கொண்டிருந்தார், அதே ஊர்களில், அதே மைதானங்களில். ஆனால் சிட்னியில் ஆடுகிறவர்களைத்தான் எடுத்தார்கள், வெளியே போனவர்களை எடுக்கவில்லை. இங்கிலாந்துக்கும் அவர் ஆட முடியாது. ஆக உலகத்தின் தலைசிறந்த விங்கர், தன் உச்ச வருடங்களில் எந்த நாட்டுக்காகவும் டெஸ்ட் ஆடாமலே இருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நமக்கு இந்த நிலைமை புரியும், இரண்டு பக்கமும் சொந்தம், இரண்டு பக்கமும் பட்டியலில் பெயர் இல்லை.

மரியாதை பிறகு வந்தது. 1988-ல் பிரிட்டிஷ் ரக்பி லீக் புகழ்க்கூடம் தொடங்கியபோது முதலில் சேர்த்த ஒன்பது பேரில் ரோசன்ஃபெல்டும் ஒருவர், வாக்ஸ்டாஃபும் பெவனும் அதே பட்டியலில். ஆனால் அவர் 1970 செப்டம்பரிலேயே, 85 வயதில், இதே ஹடர்ஸ்ஃபீல்டில் காலமாகிவிட்டார்.

பர்மிங்காமிலிருந்து: அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறோம். பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ரயிலில் வந்தால் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே சதுக்கத்தில் ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம் தெரியும், முதலில் அதைப் பாருங்கள். அங்கிருந்து ஃபார்டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம், நடக்கிறவர்கள் என்றால் அரை மணி வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் மேடு. ரோசன்ஃபெல்ட் ஓடிய மைதானம் அதுதான். கிளப் 1992-ல் அங்கிருந்து கிளம்பிவிட்டது, கூட்டம் நின்ற இடங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது, மைதானம் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பையனோடு அங்கே போவேன், அவன் எப்போதும் கோட்டோரமாகத்தான் ஓடுவான், மூலைவரை போய்ப் பந்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். வருகிற தேதியைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஷூ மட்டும் பழையதாகப் போட்டு வாருங்கள், சேறு நூறு வருடம் முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கிறது.